ஏழரை மீட்டர்

மனிதனுக்குக் கோடு கிழிப்பதில் ஒரு தனி ருசி உண்டு. வயலில் வரப்புப் போடுகிறான். வீட்டைச் சுற்றி மதில் எழுப்புகிறான். தேசத்துக்கும் தேசத்துக்கும் நடுவே முள்வேலி கட்டுகிறான். அதெல்லாம் அவன் நடந்து பார்த்த மண், போகட்டும். ஆனால் காலடி படாத இடத்துக்கும் கண் எட்டாத ஆழத்துக்கும் கோடு கிழித்து, "இதற்கப்பால் ஒன்றுமில்லை" என்று பலகை மாட்டிவிட்டு வருகிறானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

அப்படிப்பட்ட பலகை ஒன்று சமுத்திரத்தின் அடியில் மாட்டப்பட்டது. மாட்டியவர்கள் விஞ்ஞானிகள். பிற்பாடு அதைப் பிடுங்கி எறிந்தவர்களும் விஞ்ஞானிகளே. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. எறிந்த பலகையைப் பொறுக்கி, தூசி தட்டி, காரியார்த்தமாக இப்போது தூக்கிப் பிடிக்கிறார்களே சிலர், அவர்களோடுதான் எனக்குச் சண்டை.

"கதை எழுதுகிறவனுக்கு, அதிலும் இரண்டு வருஷத்தோடு கல்லூரிக்கு முழுக்குப் போட்டவனுக்கு, சமுத்திர சாஸ்திரத்தில் என்ன வேலை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மைக்ராஸ்கோப் என் கருவியல்ல. சொல் என் கருவி. 'உயிரற்றது' என்பது ஒரு சொல். அந்த ஒரு சொல்லை ஒட்டவைத்துவிட்டால் எதையும் தோண்டலாம், எதையும் விற்கலாம், கேட்பாரில்லை. ஒரு சொல் பொய்ச் சாட்சி சொல்லப் போகிறது என்றால் சொல்லை வைத்துப் பிழைக்கிறவன் வாய் திறக்காமல் வேறு யார் திறப்பது?

கதைக்கு வருகிறேன்.

1955-ல் ரிச்சர்ட் மொரிட்டா, கிளாட் ஸோபெல் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பசிபிக் மகாசமுத்திரத்தின் தரையில் குழாய் இறக்கி, சேற்றைத் தூண் தூணாக உருவி எடுத்து, அதில் எந்த ஆழம் வரை பாக்டீரியா இருக்கிறது என்று சோதித்திருந்தார்கள். கடல் தரைக்குக் கீழே 7.47 மீட்டர், அதோடு உயிர் முடிந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. பூமியின் உயிர் மண்டலத்துக்கு அதுவே அடி எல்லை!

ஏழு புள்ளி நாலு ஏழு. சுமாராகச் சொன்னால் ஏழரை. ஏழரை என்ற எண்ணுக்கு நம் ஊரில் உள்ள பெயர் வாசகர்களுக்குத் தெரியும். அது பிடித்த ஆளை லேசில் விடாது. விஞ்ஞானத்தையும் அது சுமார் நாற்பது வருஷம் விடவில்லை.

ஸோபெலைப் பரிகசிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். கடல் நுண்ணுயிர் ஆராய்ச்சி என்ற துறைக்கே அஸ்திவாரம் போட்டவர்களில் அவர் ஒருவர். 1951-ல் டென்மார்க் தேசத்து 'கலதியா' கப்பலில் போய், பிலிப்பைன்ஸ் அருகே 10,000 மீட்டருக்கும் ஆழமான பள்ளத்திலிருந்து உயிருள்ள பாக்டீரியாவை எடுத்துக் காட்டியவர். அப்பேர்ப்பட்டவர் ஏழரை மீட்டர் சேற்றில் ஏன் இடறினார்?

சோதித்த முறையில் இருக்கிறது விஷயம். எடுத்த சேற்றை ஆகாரம் கலந்த பாத்திரத்தில் இட்டு வைப்பார்கள். கிருமி பெருகினால் அங்கே உயிர் உண்டு, பெருகாவிட்டால் இல்லை. கல்யாண வீட்டில் பந்தியில் வந்து உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, ஊரின் ஜனத்தொகை இவ்வளவுதான் என்று எழுதுவது போன்ற கணக்கு இது. அழைப்புக்கு வராதவன் உண்டு. அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவன் உண்டு. மெதுவாக வந்துகொண்டே இருப்பவனும் உண்டு. இயற்கையில் உள்ள நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்துப் பந்தியில் உட்காருவதே இல்லை. "என் பாத்திரத்தில் வளரவில்லை" என்பது உண்மை. "ஆகையால் அங்கே உயிரில்லை" என்பது தீர்ப்பு. உண்மைக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் பள்ளத்தைவிட ஆழமானது அது.

இது முதல் தடவையுமல்ல. அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் இதே காரியத்தைச் செய்திருக்கிறார். 1841-ல் ஈஜியன் கடலில் வலை இறக்கி அரித்துப் பார்த்தார். ஆழம் போகப் போகப் பிராணிகள் குறைந்தன. உடனே, 300 பாகத்துக்குக் கீழே, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே, உயிரே கிடையாது என்று சித்தாந்தம் வகுத்தார். வேடிக்கை என்னவென்றால் அவருடைய வலை 230 பாகத்துக்குக் கீழே போகவே இல்லை! மேலும், 1818-லேயே ஜான் ராஸ் என்ற மாலுமி பாஃபின் விரிகுடாவில் அந்தக் கோட்டுக்கு வெகு கீழேயிருந்து ஒரு நட்சத்திர மீனினத்துப் பிராணியை மேலே கொண்டுவந்திருந்தார். அந்தச் சாட்சியை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. கடைசியில் 1860-ல் மத்தியதரைக் கடலில் 2,000 மீட்டருக்கும் கீழே கிடந்த தந்திக் கம்பி ஒன்று பழுது என்று மேலே இழுக்கப்பட்டது. கம்பியில் பவழப் பூச்சிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. பண்டிதர்களின் கோட்டை ஒரு கம்பி அழித்தது.

ஏழரை மீட்டர்க் கோட்டை அழித்தது ஒரு துளைக்கருவி. கப்பலில் நின்றபடி கடல் தரையைத் துளைத்து மண்தூண்களை எடுக்கும் பெரிய வேலை 1968-ல் தொடங்கியது. கிருமி வளருமா என்று காத்திராமல், மரபணுவில் ஒட்டிக்கொண்டு ஒளிவிடும் சாயத்தை ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணினார் ஜான் பார்க்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி தம் சகாக்களோடு. 1994-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: பசிபிக் தரைக்குக் கீழே 500 மீட்டருக்கு அப்பாலும் நுண்ணுயிர்கள். ஏழரையில் ஏறக்குறைய எழுபது மடங்கு!

அப்புறம் கோடு ஓட ஆரம்பித்தது. 2012-ல் ஜப்பானின் 'சிக்யு' கப்பல் ஷிமோகிடாவுக்கு அப்பால் கடல் தரைக்குக் கீழே 2,466 மீட்டர் துளைத்தது. அங்கே நிலக்கரிப் படுகை. இரண்டு கோடி வருஷத்துக்கு முன்னே மரமும் சதுப்புமாக இருந்த நிலம் அது. கடலுக்குள் போய்ப் புதைந்து கரியாகிவிட்டது. அந்தக் கரியில், காட்டு மண்ணில் வாழ்கிற நுண்ணுயிர்களின் உறவுமுறைக்காரர்கள் இருந்தார்கள். காடு போயிற்று, குடிகள் போகவில்லை.

அதே 2012-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கால்மையர் குழு உலகத்துக் கடலடிச் சேறு முழுவதற்கும் கணக்குப் போட்டது. 29 எழுதி, பின்னால் 28 சைபர் போட்டுக்கொள்ளுங்கள். கடல் நீர் முழுவதிலும் உள்ள நுண்ணுயிர்களின் தொகைக்கு இது ஏறத்தாழ ஈடு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 1998-ல் போட்ட முந்தைய கணக்கு இதைப்போல் பன்னிரண்டு மடங்கு. புதுக் கணக்கு பழசைக் குறைத்தது. தன் எண்ணைத் தானே அழித்துக் குறைத்து எழுதுகிற நேர்மை விஞ்ஞானத்துக்கு உண்டு. அதனால்தான் எனக்கு அதோடு வழக்கில்லை என்றேன்.

அங்கே அவை எப்படி வாழ்கின்றன? 'வாழ்கின்றன' என்ற சொல்லையே நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் குடலில் இருக்கும் பாக்டீரியா நல்ல தீனி கிடைத்தால் இருபது நிமிஷத்தில் இரண்டாகும். கடலடி ஆசாமிக்குத் தன் உடம்பைப் புதுப்பித்துக்கொள்ளவே சில நூறு வருஷமோ சில ஆயிரம் வருஷமோ ஆகிறது. வெளிச்சமில்லை, பல இடங்களில் பிராணவாயு இல்லை, மேலேயிருந்து லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன் விழுந்த எச்சிலின் எச்சில்தான் ஆகாரம். எல்லாவற்றையும் விற்றுத் தின்றபின், கடைசிக் காசை முடிந்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் போல அவை காலந்தள்ளுகின்றன.

தென் பசிபிக்கின் நடுவே உலகத்திலேயே தெளிந்த, உலகத்திலேயே பஞ்சம் பிடித்த கடற்பகுதி இருக்கிறது. அங்கே பத்து லட்சம் வருஷத்துக்கு ஒரு மீட்டர் சேறுகூடச் சேருவதில்லை. 2010-ல் அதைத் துளைத்து எடுத்த களிமண்ணில் 10 கோடியே 15 லட்சம் வருஷத்துக்கு முன் படிந்த அடுக்கும் இருந்தது. அப்போது நம் இந்தியா மடகாஸ்கரோடு ஒட்டிக் கிடந்தது. இமயமலை என்ற ஒன்றே கிடையாது. ஜப்பானின் யுகி மொரோனோவும் அமெரிக்காவின் ஸ்டீவன் டோண்ட்டும் அவர்கள் சகாக்களும் அந்த மண்ணுக்கு ஆகாரம் கொடுத்து 557 நாள் வரை பார்த்திருந்தார்கள். உள்ளே இருந்தவை தின்றன, பெருகின. 99.1 சதவீதம் வரை உயிரோடு இருந்ததாகக் கணக்கு. முடிவு 2020 ஜூலையில் வெளியாயிற்று. உலகமே ஒரு வைரஸுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்த சமயம். "இதுவும் வெளியே வந்து கடிக்குமோ" என்று கேட்டவர்கள் உண்டு. கடிக்காது. மனிதன் என்ற பண்டம் உலகத்தில் தோன்றுவதற்குப் பத்துக் கோடி வருஷம் முன்பே கதவைச் சாத்திக்கொண்டவை அவை. நம்மைக் கடித்துப் பிழைக்க அவற்றுக்கு எங்கே பழக்கம்?

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு வழக்குக்கு வருகிறேன். 2016-ல் ஜப்பானின் முரோடோ முனைக்கு அப்பால், உஷ்ணத்தில் உயிர் எதுவரை தாங்கும் என்று பார்க்கவே ஒரு துளை போட்டார்கள். சுமார் 1,200 மீட்டர் ஆழம். அடியில் 120 டிகிரி சூடு. சாதாரணத் தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். எடுத்த மண்ணை ஹெலிகாப்டரில் கரைக்கு அனுப்பி உடனுக்குடன் சோதித்தார்கள். 45 டிகிரியைத் தாண்டியதும் உயிரணுக்கள் அருகிவிட்டன. ஓரிடத்தில் 192 மீட்டர் கனத்துக்கு எதுவும் தென்படவில்லை. ஸோபெல் காலமாயிருந்தால் அங்கேயே கோடு கிழித்துக் கருவியைச் சுருட்டியிருப்பார்கள். இவர்கள் சுருட்டவில்லை. இன்னும் கீழே போனார்கள். 100 டிகிரிக்கும் 120 டிகிரிக்கும் நடுவே, கொதிக்கிற சேற்றில், மறுபடியும் உயிர்! 192 மீட்டர் சூனியத்துக்குப் பிறகும் குடியிருப்பு உண்டு என்பதைவிடக் கோடு கிழிக்கிற கும்பலுக்குச் சரியான சவுக்கடி வேறு கிடையாது.

சரி, இதைக் கேட்டதும் நம்மவர்களில் இரண்டு வகையார் எழுந்து நிற்பார்கள்.

முதல் வகையார் பக்திமான்கள். "இதைத்தானே நம் பெரியவர்கள் அப்போதே சொன்னார்கள், தூணிலும் இருக்கிறான் துரும்பிலும் இருக்கிறான் என்று!" எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். தூணிலும் துரும்பிலும் இருப்பவன் சமுத்திரச் சேற்றில் மட்டும் இல்லாமல் போவானா? அந்தச் சேற்றை 'உயிரற்ற பாழ்' என்று ஒருவன் பத்திரம் எழுதுகிறபோது நீங்கள் எழுந்து நின்று மறுத்தீர்களா? கண்டுபிடிப்பு வந்தபின் "எங்களுக்கு முன்பே தெரியும்" என்பது சுலபம். தெரிந்தவன் தெரிந்த மாதிரி நடந்துகொண்டிருக்க வேண்டும்.

இரண்டாம் வகையார் காரியவாதிகள். "வயிற்றுக்குச் சோறில்லாதவன் தெருவில் கிடக்கும்போது கடலடிக் கிருமிக்கு என்ன வந்தது?" இந்த ஏழை பாவம், எல்லா வழக்குக்கும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறான், எந்த வழக்கு ஜெயித்தாலும் அவனுக்குக் கூலி கிடைப்பதில்லை. இருந்தாலும் பதில் சொல்கிறேன். கடலடிச் சேற்றில் மீதேன் என்ற வாயு ஓயாமல் உண்டாகிறது. அது காற்றில் கலந்தால், இருபது வருஷக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் எண்பது மடங்கு உலகத்தைச் சூடேற்றும். அதன் பெரும் பங்கை, கடல் நீரை எட்டுமுன்பே, சேற்றுக்குள்ளேயே தின்று தீர்ப்பவை நுண்ணுயிர்கள். இரண்டு ஜாதிக் கிருமிகள் கூட்டுக் குடித்தனமாகச் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன என்று 2000-ல் அன்ட்யே போயிட்டியஸ் என்ற ஜெர்மன் அம்மையார் தம் குழுவோடு காட்டினார். சம்பளம் வாங்காத காவல்காரர்கள்! வெயில் ஏற ஏற முதலில் சுருண்டு விழுகிறவன் அந்தத் தெரு ஏழைதானே?

இன்னொன்று. 2020-ல் நம் ஒவ்வொருவர் மூக்கிலும் குச்சி விட்டுப் பரிசோதித்தார்களே, அந்தப் பி.சி.ஆர். முறை சாத்தியமானது எதனால்? அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் என்பவர் கண்டெடுத்து 1969-ல் அறிவித்த ஒரு பாக்டீரியாவின் சூடு தாங்கும் சரக்கினால். "கொதிநீரில் கிருமியாவது, பிரயோஜனமாவது" என்று அன்றைக்கு ஒரு காரியவாதி கோடு கிழித்திருந்தால், அரை நூற்றாண்டு கழித்து அவர் பேரனுக்குச் சோதனை ஏது? ஆனால் என் வாதத்தை நான் இந்தப் பிரயோஜனத்தின்மேல் நிறுத்தவில்லை. உயிருக்கு மதிப்பு அது நமக்குத் தரும் கூலியால் வருவதல்ல. கேட்டதால் சொன்னேன்.

இப்போது வழக்கு. ஆழ்கடல் தரையில் உருளைக்கிழங்கு அளவில் உலோகக் கட்டிகள் பரவிக் கிடக்கின்றன. மாங்கனீஸ், நிக்கல், செம்பு, கோபால்ட் எல்லாம் அதில் உண்டு. ஒரு கட்டி சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் வருஷம் ஆகிறது. இவற்றை வாரியெடுக்கப் பல தேசங்களும் கம்பெனிகளும் வரிசையில் நிற்கின்றன. எவருக்கும் சொந்தமில்லாத கடலடிக்கு அனுமதிச் சீட்டு வழங்கும் சர்வதேச ஸ்தாபனம் ஜமைக்காவில் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வாதாடுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் சொல் 'பாலைவனம்'. அங்கே என்ன இருக்கிறது, வெறும் சேறு என்பது அதன் அர்த்தம். பார்த்தீர்களா, பழைய பலகை!

நம் தேசமும் இதில் ஒரு கட்சிக்காரர். மத்திய இந்து மகாசமுத்திரத்தில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு 2002-ல் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் அதிகம். அந்தத் தரையில் ஊர்ந்து வேலை செய்யும் யந்திரத்தை உருவாக்குவது நம் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய ஸ்தாபனம். 2021-ல் அதை 5,270 மீட்டர் ஆழத்தில் இறக்கிப் பரீட்சை செய்தார்கள். நம் என்ஜினீயர்களின் சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யந்திரத்தின் பெயர் 'வராஹா'. கடலுக்குள் ஆழ்ந்த பூமியைக் கொம்பிலே ஏந்திக் காப்பாற்றிய அவதாரம். பெயர் வைத்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பெயருக்கு ஏற்றபடி நடக்க வேண்டும்.

"கட்டிகள் மேலே கிடக்கின்றன; உன் கிருமிகளோ நூறு மீட்டர், ஆயிரம் மீட்டர் கீழே. மேலே பத்து விரற்கடை சுரண்டினால் கீழே இருப்பவனுக்கு என்ன?" இந்த ஆட்சேபணை கெட்டிக்காரத்தனமானது. ஆகவே நேராகப் பதில் சொல்ல வேண்டும். கீழே இருப்பவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்களல்ல. என்றோ ஒருநாள் மேல் சேற்றில் குடியிருந்து, மேலே மேலே மண் விழ விழ அமிழ்ந்தவர்கள். மேல் சேறுதான் அந்த உலகத்தின் வாசலும் சமையலறையும். அந்தச் சமையலறையை இடித்தால் என்ன ஆகும் என்று பார்த்தும் இருக்கிறார்கள். 1989-ல் ஜெர்மானியர்கள் பெரு தேசத்துக்கு அப்பால் 4,000 மீட்டருக்கும் கீழே கடல் தரையில் ஏர் ஓட்டி விட்டு வந்தார்கள். 26 வருஷம் கழித்து, 2015-ல், போய்ப் பார்த்தார்கள். நம் வயலில் ஒரு மழைக்கு மறைந்துவிடும் உழவுத் தடம் அங்கே அப்படியே கிடந்தது! பழைய தடத்தில் நுண்ணுயிர்களின் தொகை இன்னும் குறைவாகவே இருந்தது. புதிதாகக் கீறிய இடத்தில் பாதியாகிவிட்டது. பாதித்த இடங்களில் அவை செய்யும் வேலை நாலில் ஒரு பங்கு வரை வீழ்ந்திருந்தது. அந்த வேலை பழைய நிலைக்குத் திரும்ப ஐம்பது வருஷத்துக்கும் மேலாகும் என்று 2020-ல் எழுதினார்கள். இது ஓர் ஏர் கீறியதற்கு. கட்டியோடு சேற்றையும் வாரிக்கொண்டு போகும் யந்திரம் கீறிவிட்டு நிற்பதில்லை.

இதிலே ஒரு கொடுமை என்னவென்றால், தோண்டி எடுக்கும் யந்திரங்கள் பெருகுகிற இதே சமயத்தில், தோண்டிப் பார்க்கும் கப்பல்கள் குறைகின்றன. 1985 முதல் கடலடி மண்ணை எடுத்துக் கொடுத்துவந்த அமெரிக்கக் கப்பல் 'ஜாய்டெஸ் ரெசல்யூஷன்', பணம் போதவில்லை என்று 2024-ல் நிறுத்தப்பட்டது. தென் பசிபிக்கின் பத்துக் கோடி வருஷத்து மண்ணை எடுத்துவந்த கப்பல் அதுதான். 2006-ல் நம் கிருஷ்ணா, கோதாவரிக் கடற்படுகையில் மீதேன் பனிக்கட்டியைத் துளைத்து எடுத்ததும் அதுதான். ஜப்பானும் ஐரோப்பாவும் 2025-லிருந்து தாங்களாகச் சேர்ந்து ஒரு திட்டம் நடத்தி மானத்தைக் காப்பாற்றுகின்றன. தீர்ப்பெழுதுகிறவன் அவசரப்படுகிறான், சாட்சியை அழைத்து வருகிறவனுக்கு வண்டிச் சத்தம் இல்லை என்கிறார்கள்!

என் கோரிக்கை பெரிதல்ல. எந்தப் பகுதிக்கு அனுமதி கேட்கப்படுகிறதோ அந்தப் பகுதியின் சேற்றில் என்னென்ன குடியிருக்கின்றன, என்ன வேலை செய்கின்றன என்று எண்ணி எழுதிய கணக்கு முதலில் மேஜைக்கு வர வேண்டும். தோண்டப் போகிறவன் கொடுத்த கணக்கு உதவாது. தோண்டுவதால் லாபமில்லாதவன் எடுத்த கணக்கு வேண்டும். தோண்டுகிற திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் எண்ணுகிற வேலைக்கு ஒரு பங்கு சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கு வரும்வரை எந்தப் பத்திரத்திலும் 'உயிரற்றது' என்ற சொல்லும் 'பாலைவனம்' என்ற சொல்லும் இடம்பெறலாகாது. இதில் நம் பள்ளிக்கரணை முன்னே நின்றால் அது நமக்குப் பெருமை.

550 மீட்டரில் ஒருமுறை கோடு கிழித்தோம். ஏழரை மீட்டரில் ஒருமுறை கிழித்தோம். அப்போதெல்லாம் ஏமாந்தது நம் அறிவு மட்டும், திருத்திக்கொண்டோம். இப்போது கோட்டுக்குப் பின்னால் யந்திரம் வருகிறது. யந்திரம் போன பிறகு திருத்திக்கொள்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.